செவ்வாய்க்கிழமை ஊசி

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகள் ரண ஜன்னி ஊசியைப் போட்டுக்கொள்வதும் தள்ளிப்போடுவதும் எதனால்?

காலில் துருப்பிடித்த ஆணி ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் பதில் வரும். டி.டி. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குழித்தறியில் கால் தொங்கவிட்டு நெய்கிறவருக்குத் தெரியும், காந்தி ரோட்டில் பட்டுச்சேலை விரித்துக் காட்டுகிறவருக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இரும்பு குத்தினால் ஊசி என்பதை நம் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதே ஊசியை முழுகாமல் இருக்கும் பெண்ணுக்குப் போடும்போதுதான் கேள்வி வருகிறது. "எனக்குத்தான் காயமே இல்லையே நர்சம்மா, எதுக்கு இந்த ஊசி?"

நியாயமான கேள்வி. காயம் இன்னும் உண்டாகவில்லை. ஆறேழு மாதம் கழித்துத்தான் உண்டாகப் போகிறது, அதுவும் குழந்தையின் தொப்புளில். கொடியை அறுத்த இடம் காய்ந்து விழுகிற வரை அது புண்தான். மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் முதல் காயம் அது. அந்தக் காயத்துக்கான மருந்தைக் குழந்தைக்கு நேராகக் கொடுக்க வழியில்லை. அம்மாவின் கையில் போட்டால் அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகி, நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேரும். ஆறாவது வாரத்தில் குழந்தைக்கே பென்டாவேலன்ட் ஊசி தொடங்கும் வரை அம்மா கொடுத்ததுதான் காவல்.

இந்த நான்கு வரி விளக்கம் எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது என்பதில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான கர்ப்பிணிகள் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். எதற்கு என்று தெரிந்து போட்டுக்கொள்கிறவர்கள் குறைவு. "நர்சம்மா சொன்னாங்க, போட்டுக்கினேன்" என்பதுதான் வழக்கமான பதில். நர்சம்மா சொன்னதால் ஊசி போட்டுக்கொண்டவள், நர்சம்மா வராத இடத்துக்குக் குடி போனால் என்ன செய்வாள்?

வாய் கட்டிக்கொண்ட குழந்தைகள்

பெற்றது இத்தனை, நின்றது இத்தனை என்று இரண்டு கணக்குச் சொல்லும் பாட்டிகள் தறித் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். நிற்காமல் போனதில் சில இப்படிப் போயின: பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ சப்புவதை நிறுத்திவிடும். அழுவதற்கு வாய் திறக்கப் பார்க்கும், தாடை இறுகியிருக்கும். கதவைச் சாத்தும் ஓசைக்கு, விளக்கு வெளிச்சத்துக்கு, தாயின் விரல் பட்டாலே உடம்பு விறைத்து முதுகு வில்லாக வளையும். "வாய் கட்டிக்கிச்சு" என்பார்கள். தோஷம் என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய எந்தக் குழந்தையும் பிழைக்காது. கடைசி வரை நினைவு தெளிவாக இருக்கும் நோய் இது என்பதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

இந்த டெட்டனஸ் நோய்க்கு இருக்கும் ரண ஜன்னி என்ற பழைய பெயரிலேயே காரணம் இருக்கிறது. ரணத்தின் வழியே நுழையும் ஜன்னி. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் கிருமி, விதை போன்ற கெட்டியான உறைக்குள் சுருண்டு மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வெயிலுக்கும் சாகாது, கொதிக்கும் நீரும் அதை எளிதில் கொல்லாது. காற்றுப் புகாத காயம் கிடைத்தால் விழித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். துருப்பிடித்த ஆணிக்குக் கெட்ட பெயர் வந்தது துருவினால் அல்ல. ஆணி ஆழமாகக் குத்தும், மண்ணை உள்ளே தள்ளும், மேலே காயம் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். மண் தரையில் அரிவாளாலோ மூங்கில் சீவலாலோ பிளேடாலோ அறுத்து, சாம்பலோ சாணமோ வைத்த தொப்புளும் கிருமிக்கு அப்படிப்பட்ட இடமே.

மருத்துவச்சிகளைக் குற்றம் சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருத்துவமனையும் சாலையும் இல்லாத காலத்தில் ஊருக்கு இருந்த ஒரே துணை அவர்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லாதது அவர்கள் பிழையாகாது. பிற்பாடு சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், மருந்து வைக்காத சுத்தமான தொப்புள் என்று ஐந்து சுத்தங்களைச் சொல்லிக்கொடுத்தபோது கற்றுக்கொண்டு செய்தவர்களும் அவர்கள்தான்.

ஜப்பானியரான கிடசாட்டோ இந்தக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தது 1889-ல். தடுப்பூசிக்கான டாக்ஸாய்டு, அதாவது வீரியம் நீக்கிய நஞ்சு, 1920-களில் வந்தது. கர்ப்பிணிக்குப் போட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காப்பு கிடைக்கும் என்பதை நியூ கினியாவில் ஸ்கோஃபீல்டும் அவரது சகாக்களும் நடத்திய ஆய்வு 1961-ல் காட்டியது. இந்தியாவில் விரிவான தடுப்பூசித் திட்டம் 1978-ல் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கான ஊசி 1983-ல் தேசியத் திட்டத்துக்குள் வந்தது. மருந்து கையில் இருந்தும் கர்ப்பிணியின் கைக்கு வந்து சேர இத்தனை ஆண்டு.

அதற்கு நாம் கொடுத்த விலை சின்னதல்ல. உலகம் முழுவதும் 1988-ல் மட்டும் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவில் அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு நோய் கண்டது. பிறகு நாடு ஒவ்வொரு மாநிலமாக நோயை விரட்டியது. 2003-ல் ஆந்திரம் முதலில், கடைசியாக நாகாலாந்து. 2015-ல் இந்தியா முழுவதும் தாய் சேய் ரண ஜன்னி ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

ஒழிந்தது என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் அதற்கு ஒழிப்பு என்று பெயர். பெரியம்மை போனதுபோல் இது போகாது. பெரியம்மை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியது. சங்கிலி அறுந்ததும் செத்தது. ரண ஜன்னிக் கிருமியின் வீடு மண். வாலாஜாபாத் வயலிலும் உத்திரமேரூர் மாட்டுக்கொட்டிலிலும் அது நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். தெருவில் எல்லோரும் போட்டுக்கொண்டால் நமக்கும் சேர்த்துக் காப்பு கிடைக்கும் என்ற கணக்கு போலியோவுக்குச் செல்லும், இங்கே செல்லாது. பக்கத்து வீட்டுக்காரி போட்ட ஊசி என் குழந்தையைக் காக்காது. அதனால் ஒவ்வொரு தலைமுறைப் பெண்ணும் புதிதாகத் தொடங்கியே ஆக வேண்டும்.

டி.டி.யும் டி.டி.யும்

2019 முதல் இந்தியாவில் ஊசி மாறியிருக்கிறது. முன்பு இருந்தது ரண ஜன்னிக்கு மட்டுமான மருந்து. இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசி. இரண்டின் பெயரும் தமிழில் எழுதினாலும் சொன்னாலும் டி.டி.தான் என்பதால் இந்த மாற்றம் நம்மவர்களுக்குத் தெரியவே இல்லை. தெரியாமல் போனதும் ஒருவகையில் நல்லதாயிற்று. புது ஊசி என்று யாரும் பயப்படவில்லை.

கணக்கு எளிது. கர்ப்பம் தெரிந்தவுடன் ஒன்று, நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்தைய பிரசவத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றிருந்தால் ஒரு பூஸ்டர் போதும். அரை மில்லி மருந்து, மேல் கைத் தசையில். கை கொஞ்சம் வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல் வரும். இரண்டு ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு இந்த நோயால் வரும் சாவு 94 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2010-ல் எழுதினார்கள்.

பத்துப் பைசா செலவில்லாமல் இவ்வளவு கிடைக்கிறபோது ஏன் ஒருத்தி போகாமல் இருக்கிறாள்? பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்ப ஒரே காரணங்களைச் சொல்கின்றன. தாயின் படிப்பு, வீட்டு வருமானம், எத்தனை முறை பரிசோதனைக்குப் போனாள், மருத்துவ நிலையம் எவ்வளவு தூரம், செய்தி காதில் விழுகிறதா. எல்லாம் சரிதான். ஆனால் காஞ்சிபுரத்துத் தறித் தெருவில் இந்தக் காரணங்களுக்கு வேறு உருவம் இருக்கிறது.

தறி நின்றால்

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடியலில் பாவு நீட்டிக் கட்டியிருக்கும். வீட்டுக்குள் ஒருவர் தறியில் இருந்தால் இன்னும் இருவர் அதைச் சுற்றி வேலை செய்தாக வேண்டும். தார் சுற்றுவது, பட்டு இழைகளைச் சீராக்குவது, கோர்வைச் சேலையாக இருந்தால் கரைக்கு நாடா தள்ளிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் உட்காருவது. இந்த வேலைகளில் பெண்ணின் கை இல்லாமல் ஒரு சேலையும் இறங்காது. ஆனால் கூலி பேசும்போது அவள் பெயர் வராது, கூலி சேலைக்கு. பத்துப் பதினைந்து நாளில் சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. அரை நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த அரை நாள் தார் சுற்ற ஆளில்லை, தறியும் நிற்கும். முன்பணம் வாங்கிய வீடாக இருந்தால் கெடுவும் தள்ளிப் போகும். நகரத்தில் சுகாதார நிலையம் கூப்பிடு தூரம்தான். எத்தனை கிலோமீட்டர் என்று அளந்தால் இந்தத் தூரம் தெரியாது. எத்தனை விரற்கடை நெசவு என்று அளந்தால் தெரியும்.

கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அன்றைக்குத்தான் எடை, ரத்த அழுத்தம், வயிற்றுப் பரிசோதனை, ஊசி எல்லாம். நல்ல ஏற்பாடு, ஒரே நாளில் எல்லா மருந்தும் எல்லா ஆளும் இருப்பார்கள். ஆனால் செவ்வாயில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்று நினைக்கும் மாமியார் இந்த ஊரில் உண்டு. அதுவும் முதல் பிள்ளை, முதல் ஆஸ்பத்திரிப் பயணம் என்றால் "வெள்ளிக்கிழமை பார்த்துக்கலாம்" என்பார். வெள்ளிக்கிழமை போனால் "செவ்வாய்க்கிழமை வாங்க" என்று பதில் வரலாம். யார் மீதும் குற்றமில்லாமலேயே ஒரு வாரம் போய்விடும்.

இன்னொரு வழக்கம், மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொல்லாமல் இருப்பது. கண் பட்டுவிடும், நின்றபின் சொல்லலாம் என்று. இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கலைந்து போனால் ஊர் வாய்க்கு பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே. ஆனால் முதல் ஊசி அதனால் நான்காம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் போகிறது. அதற்குள் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. வளையல் அடுக்கியதும் தாய் வீட்டுக்குப் புறப்பாடு. புகுந்த வீடு செவிலிமேடாகவும் தாய் வீடு ஆரணியாகவும் இருந்தால், இரண்டாவது ஊசி இரண்டு ஊருக்கு நடுவில் விழுந்துவிடும். இந்த ஊர் நர்சம்மா அங்கே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார், அந்த ஊர் நர்சம்மா இங்கேயே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார். ஊசி விவரம் எழுதிய அட்டையைச் சேலை மடிப்போடு எடுத்துப்போனவள் பிழைத்தாள்.

இதைச் சரிசெய்யத்தான் தமிழ்நாடு பிக்மி என்ற கணினிப் பதிவைக் கொண்டுவந்தது. கர்ப்பிணிக்கு ஒரு எண். 2017-க்குப் பிறகு அந்த எண் இருந்தால்தான் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியும். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இதனால் பதிவுக்குள் வந்தார்கள். வளைகாப்பையும் அரசு விட்டுவைக்கவில்லை. சமுதாய வளைகாப்பு என்று அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாச் சாதிப் பெண்களையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசி, வளையல் போட்டு, சாப்பாடும் போட்டு அனுப்புகிறார்கள். தள்ளிப்போட வைத்த சடங்கே அழைத்துவரவும் வைத்தது. தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரம் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் இதை நான் மேலே வைப்பேன்.

பணமும் ஒரு காரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1987-ல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ரூபாய் என்று வளர்ந்தது. சீக்கிரம் பதிவு செய்வது, பரிசோதனைக்குத் தவறாமல் வருவது என்று தவணைகளுக்கு நிபந்தனை உண்டு. தறி வீட்டுக்கு அந்தத் தவணை நின்றுபோன கூலிக்கு ஈடு. "போய்ட்டு வா, பணம் வருதில்ல" என்று மாமியாரே அனுப்புவார். ஆனால் திட்டம் 19 வயது நிறைந்தவர்களுக்கு, அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மூன்றாவது குழந்தைக்காரிக்கும் சட்டம் சொல்லும் வயதுக்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்ட சிறுமிக்கும் பணம் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் இது நியாயமாகப் படலாம். ரண ஜன்னிக் கணக்கில் நழுவுகிறவர்கள் அவர்கள்தான் என்பதையும் யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

2008 ஏப்ரலில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. தமிழ்நாடே பதறியது. அதன்பின் கிராமத்துக்குச் சென்று தடுப்பூசி போடும் வழக்கத்தை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் முன்னிலையில்தான் போட வேண்டும் என்று அரசு சொன்னது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை. ஆனால் அதுவரை வீட்டு வாசலுக்கு வந்த ஊசிக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று. ஊசி என்றால் ஆபத்து என்ற சொல்லும் அம்மாக்கள் மனதில் தங்கிவிட்டது. 2017-ல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி அந்தப் பழைய பயத்தின் மேல்தான் ஏறிக்கொண்டது.

டி.டி. ஊசிக்கென்று தனியாக ஒரு வதந்தியும் உலகம் சுற்றுகிறது. இது கருத்தடை ஊசி என்பது. 1990-களில் பிலிப்பைன்ஸில் கிளம்பியது, 2014-ல் கென்யாவில் கத்தோலிக்க ஆயர்களே அப்படிச் சொன்னார்கள். நெருக்கடி நிலைக் காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களை மறக்காத நம் நாட்டில் இந்தச் சந்தேகம் எழுவது வியப்பில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களைத் தேடித் தேடிப் போடுகிறார்களே, ஆண்களுக்கு ஏன் இல்லை என்று யோசிக்கும் பெண் முட்டாளில்லை. பதில் இருக்கிறது: பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கும் இதே ஊசிதான். பதிலைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவே.

அந்த ஆள் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஊரில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு மூன்றாவது மாதம், யார் மாமியாரோடு சண்டை போட்டுத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். "ஏம்மா, ரெண்டாவது ஊசிக்கு வரலியே?" என்று கேட்க அவரால்தான் முடியும்; கணினியால் முடியாது. தமிழ்நாட்டில் ஊசி இவ்வளவு தூரம் பரவியதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால், வாசலில் நின்று கேட்ட அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். இன்று அவர் நேரத்தில் பெரும் பகுதியைப் பதிவேடும் கைப்பேசிச் செயலியும் தின்கின்றன. நகரத் தெருக்களிலோ இந்த உறவு கிராமத்தைவிடப் புதியது. 2013-ல் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் வந்தபின்தான் நகர்ப்புற நிலையங்களுக்கு உயிர் வந்தது. காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனால் ஒரே சந்துக்குள் வாடகைக்குக் குடி மாறிக்கொண்டே இருக்கும் கைத்தறிக் குடும்பத்தை, கிராமத்து நர்சம்மா தன் ஊரை அறிந்த அளவுக்கு அறிய இன்னும் காலம் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் நிலைமை இன்னும் சிக்கல். செங்கல் சூளைக்கு ஒடிசாவின் பலாங்கிர் போன்ற மாவட்டங்களிலிருந்து குடும்பமாக வருகிறார்கள். பொங்கலை ஒட்டி வந்து மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள். முதல் ஊசி அங்கே, இரண்டாவது இங்கே, பிரசவம் மறுபடி அங்கே. மண்ணைக் குழைத்து மண்ணிலேயே படுத்து எழும் அந்தப் பெண்ணுக்குத்தான் இந்த ஊசி எல்லோரையும்விட அவசியம். அவளோ ஒடியாவில் கேட்பாள், நம் செவிலியர் தமிழில் சொல்வார். இருளர் குடியிருப்புகளில் மொழிச் சிக்கல் இல்லை. பட்டா இல்லாத இடத்திலிருந்து பட்டா இல்லாத இடத்துக்கு நகரும் வாழ்க்கைதான் சிக்கல்.

ஆஸ்பத்திரியில்தானே பிரசவம்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-ன்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். பிறகு எதற்கு ஊசி என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்திய அளவில், பிறந்த குழந்தைக்கு ரண ஜன்னியிலிருந்து காப்பு கிடைத்த தாய்மார் 2015–16 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 89 பேர், 2019–21-ல் 92 பேர். மருத்துவமனைக்குப் போவதும் ஊசி போட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. சுத்தமாக அறுத்த தொப்புளோடு மூன்றாம் நாள் வீட்டுக்கு வருகிறது குழந்தை. கொடி விழ ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பெரியவர் ஒருவர் பாசத்தோடு எதையாவது எடுத்துப் பூசினால்?

பிரசவம் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2019-ல் 48 நாள் அத்தி வரதர் தரிசனத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் நிரம்பி வழிந்தபோது, ஆகஸ்டில் ஒரு கர்ப்பிணிக்கு வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்து மருத்துவ முகாமிலேயே ஆண் குழந்தை பிறந்தது. முகாம் இருந்ததால் நல்லதாக முடிந்தது. 108 வண்டிக்குள்ளும் பேருந்து நிலையத்திலும் பிறக்கும் குழந்தைகளுக்கு எப்போதும் அப்படி அமைந்துவிடாது.

2024 நவம்பரில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் ஒரு தம்பதி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த வாட்ஸ்அப் குழுவின் துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்த்ததாகச் செய்தி வந்தது. கர்ப்ப காலத்தில் பரிசோதனைக்கும் போகவில்லை என்று சுகாதாரத் துறை காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. தாயும் குழந்தையும் நலம் என்ற அளவில் நிம்மதி. செய்தியைப் படித்துவிட்டுத் திட்டியவர்களே அதிகம். நான் வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். அந்தக் குழுவில் ஏன் ஆயிரம் பேர் இருந்தார்கள்? தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் கத்தியால் நடக்கிறது. அதே 2019–21 கணக்கெடுப்பு சொல்வது இது. "போனா கிழிச்சுடுவாங்க" என்ற பயத்தை வாட்ஸ்அப் குழு உண்டாக்கவில்லை, அது அறுவடை செய்தது. பிரசவ அறையில் கிடைத்த அதட்டலும், விளக்கம் சொல்லாமல் கையெழுத்து வாங்கிய காகிதமும், அம்மாவை வெளியே நிறுத்தியதும் அந்தப் பயத்தை வளர்த்தன. மருத்துவமனையைத் துறக்கிறவள் அதோடு செவ்வாய்க்கிழமை ஊசியையும் துறக்கிறாள். பிளேடை எப்படிச் சுத்தம் செய்வது என்று வாட்ஸ்அப் சொல்லிக்கொடுக்கலாம். அவள் ரத்தத்தில் இல்லாத எதிர்ப்புச் சக்தியை அது எங்கிருந்து கொண்டுவரும்?

என்ன செய்யலாம் என்று கேட்டால் எனக்கு ஒரு சின்ன யோசனை உண்டு. நெசவாளர்களுக்கு அமாவாசை விடுமுறை. அன்றைக்குத் தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள் தறித் தெருவிலேயே, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் திண்ணையிலோ அங்கன்வாடியிலோ, மருத்துவரோடு கர்ப்பிணிப் பரிசோதனை நடத்திப் பார்க்கலாம். அமாவாசையில் பிள்ளைத்தாய்ச்சி தெருத் தாண்டிப் போகலாமா என்று கேட்கிற வீடு உண்டு. தெருவைத் தாண்ட வேண்டாம், நாலு வீடு தள்ளி வந்தால் போதும். கூலி போகாது, கணவனும் வீட்டில் இருப்பான், கூடவே வந்து கேட்டுக்கொள்வான். ஐப்பசி கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி நெசவு நிற்கும் நாட்களையும் இதே போலப் பயன்படுத்தலாம். கோயில் திருவிழா நாட்காட்டி, முகூர்த்த நாட்காட்டி என்று எத்தனையோ நாட்காட்டிகளைப் பார்த்து வியாபாரம் நடக்கும் ஊர் இது. சுகாதாரத் துறையும் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

பட்டுச் சங்கங்களும் இதில் சேரலாம். நெசவாளர் குடும்பத்துப் பெண் பரிசோதனைக்குப் போன நாளுக்கு ஒரு சின்னத் தொகை, அட்டையில் நர்சம்மா கையெழுத்து இருந்தால் போதும். ஒரு சேலையின் விலையில் அது கண்ணுக்கே தெரியாது.

பதினாறு வயது

1990-களில் இந்த ஊர்த் தறிகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வேலை செய்தார்கள். முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையை அனுப்பிய காலம். மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் யுனிசெஃபும் சேர்ந்து அவர்களைப் பள்ளிக்குத் திருப்ப வருடக்கணக்கில் உழைத்தார்கள். அதைக் கல்வியின் கதையாக மட்டும் எழுதியிருக்கிறோம். ரண ஜன்னியின் கதையும் அதில் இருக்கிறது. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் ஊசி பள்ளிக்கூடத்தில்தான் போடப்படுகிறது. எட்டு வயதில் தறிக்குப் போன பெண்ணின் பெயர் எந்த வகுப்புப் பதிவேட்டிலும் இல்லை. அவளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்ல யாரும் இல்லை. அப்படியே கல்யாணம், அப்படியே கர்ப்பம். அவள் வாழ்வின் முதல் டி.டி. ஊசியே வயிற்றில் பிள்ளையோடு போட்டதாக இருக்கலாம். படித்த பெண் அதிகம் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று ஆய்வுகள் சொல்லும்போது, படிப்பு அறிவைக் கொடுத்தது என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். பள்ளிக்கூடம் ஊசியையே கொடுத்தது.

அந்தச் சிறுமிகள் இன்று நாற்பதைத் தொட்ட பெண்கள். அவர்கள் மகள்கள் பத்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். சுகாதாரத் துறை வண்டி வரும் நாளில் வரிசையில் நிற்பார்கள்; பயத்தில் சிலர் தோழியின் தோளில் முகம் புதைப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். "கையைத் தொங்கப் போடு, இறுக்காதே" என்பார் செவிலியர். ஐந்து விநாடி. பஞ்சு, அடுத்த ஆள்.

அந்த வரிசையில் ஒருத்தியாவது கேட்பாள்: "எனக்குத்தான் காயமே இல்லையே மிஸ், எதுக்கு இந்த ஊசி?" அவள் அம்மாவிடம் யாரும் சொல்லாத பதிலை அவளிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். அடுத்த ஆள் ஒரு நிமிடம் காத்திருக்கட்டும்.